கிழிதாள்

பூர்க்டோர்ஃபில், எம்மெ ஆற்றங்கரை அச்சகத்தில்
வரப்போகும் வருடத்தை
இப்போதே படித்துக்கொண்டிருக்கிறேன்.
முன்பக்கம் திகதி, பிறை, சூரியன் எழும் நேரம்.
பின்பக்கம் எட்டு வரி:
இன்று பிறந்தவர், இன்று கண்டுபிடித்தது.

எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை.
ஜெர்மன் எனக்கு முப்பது வயதில் வந்த மொழி
(முப்பது என்று காகிதம் சொல்கிறது).
அதனால்தான் உனக்குப் பிழை அகப்படுகிறது என்பார் ஃப்ரவ் நீடெக்கர்;
அந்த மொழிக்குள் பிறந்தவர்கள்
எழுத்தைத் தாண்டிப் பொருளுக்கு ஓடிவிடுகிறார்களாம்.

மாசி பதினெட்டில் ஒரு கோளைக் கண்டுபிடிக்கிறார்கள்.
ஆவணி இருபத்துநாலில் அது கோளே இல்லை என்கிறார்கள்.
இரண்டுக்கும் தனித்தனித் தாள்.
மார்கழி இருபத்திரண்டில்
ஒரு மனைவியின் கையெலும்பு மோதிரத்தோடு படமாகிறது.
கணவருக்குப் பங்குனியில் ஒரு தாள் உண்டு.
கையை நீட்டியவள் எந்த நாளில் பிறந்தாள்?
அட்டைப்பெட்டி முழுக்கத் தேடினேன்.

என் அட்டையில் தை முதலாம் திகதி.
பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்.
கச்சேரியோடு எரிந்தது என்றேன்.
அந்த அலுவலர் கெட்டவர் இல்லை.
பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார்,
பிறகு வருடத்தின் முதல் கட்டத்தில் என்னை இருத்தினார்.
முகாம் சமையலறையில் அந்த வருடம்
எரித்திரியர், ஆப்கானியர், நாங்கள் என்று
பதினொரு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள்.
ஒரு கேக், ஒரு கத்தி.
பிடியில் கை வைக்க இடம் போதவில்லை.

அம்மாவின் கணக்கு வேறு:
நல்லூரில் கொடியேறி நாலாம் நாள், உச்சி வெயில்.
கொடியோ வருடத்துக்கொரு திகதியில் ஏறும்.
எந்த வருடம் என்பதில்
அம்மாவும் பெரியம்மாவும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

போன கிழமை ஒரு தாளில் கண்டேன்:
நாட்காட்டியை மாற்றியபோது பேர்ண்காரர்
ஆயிரத்து எழுநூறு மார்கழி முப்பத்தொன்று இரவு படுத்து
தை பன்னிரண்டு காலை எழுந்தார்கள்.
அந்த வருடம் இந்த ஊரில்
தை முதலாம் திகதியே இல்லை.
சிரித்துவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.
வாடகையை எப்படி அறவிட்டிருப்பார்கள்?
நிறைமாதப் பசுக்களுக்கு யார் போய்ச் சொன்னது?

ஆவணி பதினேழு காலி.
ஃப்ரவ் நீடெக்கரின் பெட்டியில் அன்றைக்கு ஆளில்லை.
இருந்த ஒரு வேதியியலாளரையும்,
ஆய்வில் பொய் எழுதியவர் என்று தெரிந்து,
சென்ற வருடம் தூக்கிவிட்டார்.
"நீயே ஏதாவது போடு"
என்றுவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார்.

எங்கள் பழம்புலவர் பலருக்குத் திகதி இல்லை.
சிலருக்குப் பெயரும் இல்லை.
பாட்டில் இருந்த உவமையைக் கழற்றி
அதையே பெயராகச் சூட்டிக் கூப்பிடுகிறோம்.
எந்த மழை, எந்த நிலம், யார் யாரைப் பிரிந்தார்
எல்லாம் தெரியும். வருடம் மட்டும் தெரியாது.
முந்நூற்று அறுபத்தைந்தில்
எந்த ஆணியில் அவர்களை மாட்டுவது?

எட்டு வரிக்கு இடம் இருந்தது.
ஒரு வரி எழுதினேன்:
இன்று பிறந்தவர்கள் யாரெனத் தெரியவில்லை.

கோப்பையோடு வந்தவர் நின்றபடியே படித்தார்.
அடிப்பார் என்று நினைத்தேன்.
சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு சொல் செருகினார்:
இன்னும்.

செருகும்போது கடைசிப் புள்ளியைக்
கை தவறி அழித்துவிட்டார்.
அதைக் கண்டேன்.
கண்டு திருத்தத்தான் எனக்குச் சம்பளம்.

பதினாலாயிரம் பிரதி.
மை காய்ந்துகொண்டிருக்கிறது